எதில் வகுத்தாலும் ஒன்று மீதி

போன மாதம் பழைய ரப்பர் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். தங்கா பத்துவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இப்போது அங்கே குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணிப் பையன்கள் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றை எனக்குக் காட்டினார்கள். பக்கவாட்டில் கைப்பிடி, மேலே பல்வரிசை மாதிரி எண்கள். "மாமா, எவ்வளவு பெரிய நம்பர் வேணும்னாலும் சொல்லுங்க, வகுத்துக் காட்டுறோம்" என்றான் ஒருவன்.

முப்பதாயிரத்து முப்பத்தொன்று என்றேன். ஏழால் வகுக்கச் சொன்னேன். கடகடவென்று சுற்றினான். ஒன்று மீதி. பதினொன்றால் வகு என்றேன். ஒன்று மீதி. பதின்மூன்று, ஒன்று மீதி. எழுபத்தெட்டு, அதற்கும் ஒன்று. "என்ன மாமா, மந்திரம் போட்ட நம்பரா இது?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எண்ணை என் கையாலேயே ஒரு மரத்தில் சுண்ணாம்பால் எழுதியவன் நான். அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். சரி, எழுதுகிறேன்.

நான் மலாக்கா டவுனில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர். அந்தத் தலைக்கனத்தோடு ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். ரப்பர் பால் நிறுக்கவும், விடிகாலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடவும் ஆறே மாதத்தில் படித்துக்கொண்டேன். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அட்டை கடித்ததும் காய்ச்சல் வந்ததும் எல்லோருக்கும் நடந்ததுதான்.

சொல்ல வேண்டியது எங்கள் பெரிய கிராணி சிதம்பரம் பிள்ளையைப் பற்றி. நாகப்பட்டினத்துக்காரர். ஒல்லி உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. ரிஜிஸ்டரைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவுவார். பேனா முள்ளைத் தலைமுடியில் ஒரு தடவை துடைப்பார். யாரையும் "தப்பு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் எழுதியதில் பிசகு இருந்தால் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி, "இன்னொரு தரம் பார்க்கலாமா தம்பி?" என்பார். அந்த மரியாதைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

எண் என்றால் அவருக்கு ஆள் மாதிரி. புதிதாக ஒரு பெரிய எண் மேசைக்கு வந்தால், "இவன் எதுக்கு அடங்குவான்?" என்று கேட்பார். எதனால் வகுபடும் என்று அர்த்தம். கூட்டுத்தொகை போட்டு மூன்றுக்கும் ஒன்பதுக்கும் பார்ப்பார். ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றுக்கும் சேர்த்து அவரிடம் ஒரே வழி இருந்தது. ஆயிரத்தோடு நிற்கும் பாகத்தையும் கடைசி மூன்று இலக்கத்தையும் தனித்தனியாக வெட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார். கழித்து வருவது பூஜ்யம் என்றால் எண் மூன்றுக்கும் அடங்கும். ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் பெருக்கினால் ஆயிரத்தொன்று, அதுதான் சூட்சுமம். இது எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராதது. பொறாமையாகக்கூட இருந்தது.

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. அதற்குச் சற்று முன்னால் எங்கள் தோட்டத்தில் ஒரு சண்டை. பால் வெட்டுகிறவர்கள் தொண்ணூற்றொரு பேர். யாருக்கு எத்தனை மரம் என்று கங்காணி கண்ணால் பார்த்துப் பிரித்துக் கொடுத்திருந்தார். முத்தையா என்று ஒரு ஆள், நல்ல வெட்டுக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். பக்கத்து நிரைக்காரனைவிடத் தனக்கு நாலு மரம் கூட என்று ஒரு நாள் எண்ணிக் கண்டுபிடித்துவிட்டார். நாலே மரம். கங்காணியோடு பேச்சு முற்றி, பால் வாளி தூக்கும் காண்டாக்கட்டை இறங்கி, கங்காணியின் மண்டையில் ஏழு தையல்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை கொதித்துப் போனார். கெட்டவர் இல்லை, ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து அசைய மாட்டார். இனி எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரு மரம் கூடவும் கூடாது குறையவும் கூடாது, தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுகிற ஆளின் பேர் இருக்க வேண்டும் என்று பெரட்டில் நின்று சத்தம் போட்டார். ஜனங்களுக்கும் அது பிடித்திருந்தது. முத்தையாவே கைதட்டினார். மரம் எண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது.

தலையில் விழுந்தது என்ன, நானே சந்தோஷமாக ஏந்திக்கொண்டேன். தையல் போட்ட மண்டையோடு கங்காணி சுண்ணாம்புச் சட்டி தூக்கி வருவார். ஒவ்வொரு மரத்திலும் ஒரு தீற்று, நூறாவது மரத்தில் எண். நான் நோட்டில் கோடு போடுவேன். பத்துக் கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. ஒரு நாளைக்கு ஆயிரம் மரம், அதற்கு மேல் கண் பூத்துவிடும். தோட்டத்தின் கோடியில் தொடங்கி, ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்து முடிக்க ஒரு மாதம் ஆனது.

முதல் லயத்துக்கு எதிரே, நிரையின் கடைசியில், ஒரு மரம் மற்றதைப் போலில்லாமல் தாழ்வாகக் கிளை விட்டிருந்தது. அதில் பால் வெட்ட மாட்டார்கள். வெட்டுக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளுக்கு அந்தக் கிளைகளில்தான் தூளி கட்டிப் போடுவார்கள். தொட்டில் மரம் என்று பேர். பிள்ளை படுக்கிற மரத்தில் கத்தி வைக்கக் கூடாது, அதை எண்ணவும் கூடாது, கண்ணேறு பட்டுவிடும் என்பது அவர்கள் வழக்கம். வீட்டில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாலே ஒன்றைக் குறைத்துச் சொல்கிற ஜனங்கள்.

அங்கே வந்ததும் கங்காணி சட்டியைக் கீழே வைத்துவிட்டார். "முடிஞ்சதுங்க" என்றார்.

"இது இருக்கே" என்றேன்.

செல்லம்மா என்ற பால் வெட்டுக்காரி அப்போதுதான் தூளியிலிருந்து தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். அவள் புருஷன் பிள்ளை பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான். "இத எண்ணாதீங்க கிராணி ஐயா. புள்ளைங்க படுக்குற எடம்" என்றாள்.

"மரம் மரம்தானேம்மா. எத்தனை மரம்னு கேட்டா எத்தனை இருக்கோ அத்தனை சொல்லணும்" என்று நான் சட்டம் பேசினேன். கங்காணி சுண்ணாம்பு தீற்றும் மட்டையைத் தொடவில்லை. நானே எடுத்து, தூளிக் கயிற்றுக்குக் கீழே தீற்றி, கடைசி மரம் என்பதால் எண்ணையும் எழுதினேன். 30031. செல்லம்மா குழந்தையின் நெற்றியை முந்தானையால் மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அதே வாரம் சிங்கப்பூர் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வெட்டுகிறவர்கள் எண்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மற்றவர்களைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட வேண்டும். அந்த நாளில் எல்லாத் தோட்டத்திலும் அதே பேச்சுதான்.

துரை என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து வகுக்கச் சொன்னார். எண்பதுக்கு முப்பத்தொன்று மீதி. எழுபத்தொன்பதுக்குப் பதினொன்று. எழுபத்தெட்டுக்கு ஒன்று, எழுபத்தேழுக்கும் ஒன்று. அந்த ஒரு மரத்தை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டார். யாருக்காவது கொடுக்கலாம் என்றேன். "யாருக்காவது கொடுத்துத்தான் மண்டை உடைந்தது" என்றார். இறங்கிக்கொண்டே வந்தோம். எழுபது, ஒன்று மீதி. அறுபத்தாறு, ஒன்று. அறுபத்தைந்து, ஒன்று. ஐம்பத்தொன்பதில் வந்து நின்றது. ஐம்பத்தொன்பது பேர், ஆளுக்கு ஐந்நூற்று ஒன்பது மரம், மீதி இல்லை. துரை பென்சிலை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். வேகமாக வெட்டுகிறவர்கள் முடித்துவிடுவார்கள் என்றார். பால் வடிவது நிற்பதற்குள் ஐந்நூறு மரம் வெட்டுவதென்றால் நாக்குத் தள்ளிவிடும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி, ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு இருக்கும் முப்பத்திரண்டு பேரின் பட்டியலை எழுதச் சொன்னார். திங்கட்கிழமை பெரட்டில் வாசிக்க வேண்டும்.

எழுதினேன். வேலை வரிசையில் அறுபத்து மூன்றாவது பேர் செல்லம்மா.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஆபீஸ் படிக்கட்டில் வந்து நின்றாள். எப்படித்தான் தெரியுமோ, தோட்டத்தில் காகிதம் காய்வதற்குள் செய்தி லயத்துக்குப் போய்விடும். இடுப்பில் குழந்தை. பெரிய கிராணியும் நானும் உள்ளே இருந்தோம்.

"கப்பல்ல ஏத்தப் போறீங்களாமே கிராணி ஐயா" என்றாள். அழவில்லை. "நான் பொறந்ததே இந்த மூனாம் லயத்துலதான். நாகப்பட்டினம் எந்தத் தெசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. இதத் தூக்கிட்டு அங்க எறங்கி யாரு வீட்டு வாசல்ல போயி நிப்பேன்?"

பெரிய கிராணிதான், "போய் நிழல்ல உட்காரும்மா. இன்னும் வாசிக்கல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த எண்ணைக் கொண்டாங்க தம்பி. இன்னொரு தரம் பார்க்கலாமா?" என்றார்.

ஒற்றுத்தாளில் எழுதினேன். கை கழுவிவிட்டு வந்தார். முப்பது என்று ஒரு பக்கம், முப்பத்தொன்று என்று ஒரு பக்கம் வெட்டினார். கழித்தார். ஒன்று. இரண்டு, மூன்று, ஐந்து என்று நான் வகுத்தேன். எல்லாவற்றிலும் அந்த ஒரே ஒன்று கதவுக்கு வெளியே நின்றது.

"இது கொஞ்சம் அதிசயம்" என்றார் மெதுவாக. "இந்த ஒன்னு மட்டும் இல்லேன்னா இவன் ரெண்டு, மூனு, அஞ்சு, ஏழு, பதினொன்னு, பதிமூனு ஆறுக்கும் அடங்குற பிள்ளை. ஆறையும் பெருக்கினா வர்றதே முப்பதாயிரத்து முப்பதுதான். எழுபத்தெட்டு பேருக்கு ஆளுக்கு முன்னூத்தெண்பத்தஞ்சு, சுத்தமா வரும். கடைசியா எண்ணுனது எந்த மரம் தம்பி?"

என் முகத்தில் ரத்தம் ஏறியது. தொட்டில் மரம் என்றேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் நான்தான் எண்ணினேன் என்றேன். முப்பத்திரண்டு பேருடைய சோற்றில் மண்ணைப் போட்டது என் கையில் இருந்த அந்தச் சுண்ணாம்பு மட்டை என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. "துரைகிட்ட போய் அது பால் வெட்டாத மரம்னு சொன்னா, வெட்டாத மரம் எதுக்கு, சாய்ச்சுடுன்னு சொல்லுவார்" என்றார். பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, ஆண்டுக்கொரு தடவை லேபர் ஆபீசுக்கு அனுப்பும் படிவத்தின் நகல் கட்டை எடுத்து வந்தார். தோட்டத்தில் உள்ள கட்டடங்கள் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. லயம் இத்தனை, ஸ்டோர் இத்தனை, கிணறு இத்தனை. அவர் விரல் வைத்த இடத்தில், பிள்ளைகள் கொட்டகை ஒன்று என்று அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தது.

"நம்மகிட்ட பிள்ளைகள் கொட்டகை ஏதுங்க ஐயா?" என்றேன்.

"இருக்கணும்னு சட்டம். கட்ட துரைக்கு மனசு வரல. பிள்ளைங்க தூங்குற எடம்னு ஒன்னு இருக்கத்தானே செய்யுது? எழுதிட்டேன்" என்றார். நாலு வருஷத்துப் படிவங்கள். நாலின் கீழேயும் துரையின் கையெழுத்து.

துரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெரிய கிராணி படிவங்களை வைத்து, பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி, ஒரு பொருளை இரண்டு ரிஜிஸ்டரில் எழுதக் கூடாது, தொட்டில் மரம் ஏற்கெனவே கட்டடங்களில் இருக்கிறது, சின்னக் கிராணி அதை மரங்களிலும் சேர்த்துவிட்டார், இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டார். அதே குரல், எனக்குச் சொல்கிற அதே சொற்கள். துரையின் காது மடல் சிவந்தது. கட்டாத கொட்டகைக்குக் கீழே போட்ட தன் கையெழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, காட்டு என்றார்.

மூன்று பேரும் வெயிலில் நடந்தோம். செல்லம்மா குழந்தையை மறுபடியும் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். வேறு தூளிகளும் தொங்கின. ஒன்றிலிருந்து ஒரு சின்னப் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே என் சுண்ணாம்பு எழுத்து. துரை விரலை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு..." என்று தன் தோட்டத்துத் தமிழில் ஆரம்பித்தார்.

"எண்ணாதீங்க தொர" என்றாள் செல்லம்மா.

துரை விரலை மடக்கிக்கொண்டார். "அந்த நம்பரை அழித்துவிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு பங்களாவுக்குப் போய்விட்டார். நான் தோளில் கிடந்த துண்டை லயத்துக் குழாயில் நனைத்து வந்து, பட்டையில் ஒரு கோடுகூடத் தெரியாமல் தேய்த்தேன். பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று மெதுவாகத் தேய்த்தேன்.

எழுபத்தெட்டு பேர், ஆளுக்கு முன்னூற்று எண்பத்தைந்து மரம், மீதி இல்லை. போகிறவர்கள் பதின்மூன்று. பத்தொன்பது பேர் தப்பினார்கள் என்று எனக்கு ஒரே பெருமிதம். செல்லம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அவள் கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டு. அவள் கேட்டதோ வேறு.

"காத்தாயி அக்கா எத்தனாவது?"

காத்தாயிதான் செல்லம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவள். இவளுக்குப் பால் கட்டிக்கொண்டபோது இவள் பிள்ளைக்கும் சேர்த்துப் பால் கொடுத்தவள். அவள் எழுபத்தொன்பது, அவள் புருஷன் எண்பது. எண்பது பேர்வரை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கடிதம், ஆனால் வகுத்தால் ஆளுக்கு முன்னூற்று எழுபத்தைந்து போக முப்பது மரம் மீதி வருகிறது என்று நான் விளக்கினேன். எண் இடம் கொடுக்கவில்லை என்றேன்.

"மீதி வந்தா என்ன? அத நாங்க வெட்டிக்கிறோம்" என்றாள். "யாரு எங்களக் கேட்டீங்க?"

ஒரு மாதம் மரம் எண்ணி, அந்த எண் எதற்கு அடங்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்ட நான், முப்பது மரத்தை யாராவது எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்க நினைக்கவே இல்லை. பெரிய கிராணியும் நினைக்கவில்லை. நான் போய்ச் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு அவரே போனார். துரை என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஆட்களே எடுத்துக்கிட்டா சரியாம். சண்டை வந்தா என் தலையாம்" என்றார்.

திங்கட்கிழமை பெரட்டில் பதினொரு பேரை வாசித்தேன். அதை மறைத்து எழுத மாட்டேன். அந்தப் பதினொரு பேரையும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அவர்களில் ஒருத்தி வரிசையிலிருந்து விலகி, மரத்தடிக்குப் போய்த் தன் தூளியை அவிழ்த்துக்கொண்டாள்.

பிறகு பெரிய கிராணி முன்னால் வந்து, ஆளுக்கு முன்னூற்று எழுபத்தைந்து என்றும் முப்பது மரம் மீதி நிற்கிறது என்றும் சொன்னார். அதை யாராவது எடுத்துக்கொண்டால்தான் காத்தாயியும் அவள் புருஷனும் இருக்க முடியும், எடுத்துக்கொள்கிறவர்கள் பிறகு கூட குறைச்சல் என்று பேசக் கூடாது என்றார்.

"எனக்கு ஒன்னு எழுதுங்க" என்றாள் செல்லம்மா.

அவள் சொல்லி முடிப்பதற்குள், அன்றைக்குக் காண்டாக்கட்டை தூக்கிய முத்தையா, தலையைக் குனிந்தபடி, யாரையும் பார்க்காமல், "எனக்கு நாலு" என்றார்.

கங்காணி திரும்பி அவரைப் பார்த்தார். தையல் போட்ட இடத்தில் இன்னும் முடி முளைத்திருக்கவில்லை. கங்காணிதான் நோட்டை என் கையிலிருந்து வாங்கி, முத்தையாவின் பேருக்கு எதிரே நாலு கோடு போட்டார். அதன் பிறகு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன, எனக்கு ரெண்டு, எனக்கு ஒன்னு என்று. எனக்குக் கண் மறைத்துவிட்டது. முப்பதும் தீர்ந்த பிறகும் பின்வரிசையில் யாரோ, "எங்களுக்கு மரம் இல்லீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை, எல்லாம் போய்விட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது.